விடுதியும் வாடகை அறையும்: டெங்கு எங்கே எளிதில் நுழைகிறது?

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். கல்லடியில் அதன் அழகியற் கற்கைகள் நிறுவகம். இவற்றில் படிக்க வரும் பிள்ளைகளில் சிலர் விடுதியில் தங்குகிறார்கள், சிலர் அக்கம்பக்கத்து வீடுகளில் போடிங் எடுக்கிறார்கள். மாரி பிறந்தால் இரு சாராருக்கும் டெங்குப் பயம்தான். 2017இல் இலங்கை முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். வடகீழ்ப் பருவமழையோடு நோய் ஏறும் மட்டக்களப்பில், இந்த இரு வகை இருப்பிடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம்.

இரண்டையும் அளக்க ஒரே அளவுகோல் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் இயல்பு. அது காலையிலும் பொழுதுபடுமுன்னும் கடிப்பது. இராத்திரி வலை மட்டும் அதைத் தடுக்காது. பொதுவாக இருநூறு மீற்றருக்கு மேல் பறப்பதில்லை. ஆகவே கடிக்கும் நுளம்பு நமது வளவிலோ அடுத்த வளவிலோ பிறந்ததுதான். முட்டை பறக்கும் நுளம்பாக எட்டுப் பத்து நாள் போதும்.

விடுதியின் ஆபத்து ஆள்நெருக்கத்தில் இருக்கிறது. நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளில் ஒருவர் வைரசைச் சுமந்து வந்தாலே போதும். கதவுக்குப் பின்னால் தொங்கும் உடுப்புகளில் ஒளிந்திருக்கும் ஒரே நுளம்பு, இரத்தம் நிறையும்வரை அடுத்தடுத்துப் பலரைக் கடிக்கும். டெங்கு வைரஸ் நான்கு வகை. முன்பு ஒரு வகையால் வருந்தியவரை வேறொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ஆனால் விடுதிக்கு ஒரு பலமும் உண்டு: பொறுப்பாளர் இருக்கிறார், துப்புரவுக்கு ஆள் இருக்கிறது, காய்ச்சல் கண்டவரைக் கூட இருப்பவர்கள் உடனே கவனிப்பார்கள்.

போடிங்கில் ஆட்கள் குறைவு. ஒரு நோயாளியிடமிருந்து பரவும் வேகமும் குறைவு. அங்கே ஆபத்து தண்ணீரில். கிணற்றடி வாளி, பின்வளவில் கிடக்கும் இளநீர்க் கோம்பை, யோகட் கப், அடைத்த கூரைப்பீலி எல்லாவற்றிலும் மழைநீர் தேங்கும். வீட்டுக்காரர் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்றிருப்பார். பிள்ளைகள் அது வீட்டுக்காரர் வேலை என்றிருப்பார்கள். விடுமுறைக்கு ஊர் போனால் அறையும் குளியலறை வாளியும் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாளியின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கறுத்த புள்ளிகளாக ஒட்டியிருக்கும் முட்டைகள், காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, தும்பால் தேய்த்துக் கழுவவேண்டும்.

வாவிக்கரையில் இருவருக்கும் பொதுவான இன்னொன்று உண்டு. உவர்நீரில் டெங்கு நுளம்பு வளராது என்றே பலரும் நம்பியிருந்தார்கள். ரஞ்சன் ராமசாமி, நோபிள் சுரேந்திரன் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, கரையோரத்தில் கைவிட்ட வள்ளங்களிலும் பாவனையற்ற கிணறுகளிலும் எறிந்த போத்தல்களிலும் தேங்கிய உவர்நீரில் ஈடிஸ் குடம்பிகள் வளர்வதைக் காட்டியது. கல்லடிப் பக்கம் தங்கும் பிள்ளைகள் உப்புத் தண்ணீர்தானே என்று எதையும் விட்டுவைக்கக்கூடாது.

ஆக, விடுதியில் நோய் வந்தால் வேகமாகப் பரவும், ஆனால் தடுக்க ஆள் உண்டு. போடிங்கில் மெதுவாகப் பரவும், ஆனால் தடுக்க எவருமில்லை. கவனிக்க ஆளில்லாத ஆபத்தையே நான் பெரிதாகக் கருதுகிறேன். நுளம்பு பெருக இடம் வைத்திருக்கும் உரிமையாளரையும் குடியிருப்பவரையும் பொறுப்பாளியாக்கும் சட்டம் 2007 முதல் இருக்கிறது (11ஆம் இலக்கம்). அதை வாழவைக்கப் பல்கலைக்கழகம் தன் மதிலோடு நின்றுவிடாமல், பிள்ளைகள் தங்கும் வீடுகளின் பட்டியலைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுக்கவேண்டும். விடுமுறை முடிந்து கதவு திறக்கும் முதல்நாள் வாளிகளைத் தேய்த்துக் கழுவுவதையும், பிறகு வாரம் ஒருமுறை வளவு பார்ப்பதையும் வாடகைப் பேச்சிலேயே சேர்க்கவேண்டும். காய்ச்சல் கண்டால் பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுப்ரோபன் எதுவும் வேண்டாம். தனி அறையில் கிடந்து நாள் கடத்தாமல் வைத்தியரிடம் போகவேண்டும். விடுதிப் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே கவனிப்பு போடிங் பிள்ளைக்கும் உரியது.