ஆன்சிக் கற்கருவிகள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், வில்சால் ஊரருகே ஆன்சிக் குடும்பத்தின் நிலத்தில் 1968இல் மண் அள்ளியபோது கிடைத்த தொல்குடிக் கருவிகள். குளோவிஸ் பண்பாட்டைச் சேர்ந்தவை, நூற்றுக்கும் மேற்பட்டவை. கல் ஈட்டிமுனைகளோடு மான்கொம்பில் செதுக்கிய தண்டுகளும் இருந்தன. முனையின் அடிப்பாகத்தில் இரு பக்கமும் நீளவாக்கில் சில்லு பெயர்த்துப் பள்ளம் எடுத்திருப்பார்கள்; தண்டில் செருகிக் கட்ட அது வசதி. இந்த வேலையில் கை பிசகினால் முனையே உடைந்துவிடும். அத்தனை உழைப்பில் உருவானவற்றைச் செங்காவி பூசி, இரண்டு வயதுகூட நிரம்பாத ஓர் ஆண் குழந்தையுடன் புதைத்திருக்கிறார்கள். வேட்டைக் கருவிகள் என்று மட்டும் சொல்லி இவற்றைக் கடந்துவிட முடியாது.

குழந்தை வாழ்ந்தது ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன்பு. நிலத்துக்காரரின் மகள் வளர்ந்து மரபணு ஆய்வாளராகி, அக்குழந்தையின் மரபணுத்தொகுதியை வாசித்த குழுவில் பங்கேற்றார். 2014இல் வெளியான முடிவு, இன்றைய அமெரிக்கத் தொல்குடிகள் பலருக்கும் அக்குழந்தையின் மக்கள் நேரடி மூதாதையர் என்றது. தம் வம்சக் கதைகள் சொன்னதைத்தான் அறிவியலும் சொல்கிறது என்றனர் தொல்குடியினர். அவ்வாண்டு ஜூனில், பல பழங்குடிகளின் பிரதிநிதிகள் கூடிச் சடங்குகளுடன் எலும்புகளை மீண்டும் அடக்கம் செய்தனர்.