கரும்பலகையிலிருந்து ஆலை வாயிலுக்கு

'ஆசிரியனுக்கு அரசியல் எதற்கு?' என்று கேட்போர் நம் திருவொற்றியூரிலும் உண்டு. எண்ணூர், இராயபுரம் உழைப்பாளரின் மக்களுக்குப் பாடம் சொல்லும் நாம், அக்கேள்விக்கு விடையாக ஓர் ஆசிரியரின் வாழ்வையே காட்டுவோம். அவர்தாம் திரு.வி.க.

1883-இல் துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார் கலியாணசுந்தரனார். சென்னை வெசுலி கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தார். மதிப்பான பணி, மாதந்தோறும் ஊதியம். இரண்டையும் 1917-இல் உதறிவிட்டுத் 'தேசபக்தன்' நாளேட்டின் ஆசிரியரானார். அரசியல் மேடையில் ஆங்கிலமே அரசோச்சிய நாளில் அழகு தமிழை ஏற்றினார். வகுப்பறையை விட்டாரேயன்றி, கற்பித்தலை விட்டாரில்லை!

1918 ஏப்ரல் 27. பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளருக்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவருள் ஒருவர். கூலி பிச்சையன்று, உரிமை என்பதே அங்கு அவர் நடத்திய பாடம். முதலாளிகள் நீதிமன்றம் ஏறினர். சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பெற்றனர். கூடிக் கேட்பதே குற்றமாம்! தொழிற்சங்கங்களுக்குச் சட்டக் காப்பு 1926-இல்தான் கிடைத்தது.

ஆனால், அந்தப் பள்ளியில் ஒரு பாடம் முடியவில்லை. 1921 வேலைநிறுத்தத்தில் சாதி குறுக்கே பாய்ந்தது. பசித்த வயிறுகள் இரு அணியாயின, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போராட்டம் தோற்றது. 1925-இல் காஞ்சிபுரம் காங்கிரசு மாநாட்டிலும் அதே வினா எழுந்தது. பெரியாரின் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தைத் தலைமையேற்ற திரு.வி.க. ஏற்கவில்லை, பெரியார் வெளியேறினார். அன்பும் அறமும் நிறைந்த அப்பெருமகனும் அன்று தவறினார் என்று கூற நாம் தயங்கோம். போற்றுதல் வேறு, பூசித்தல் வேறு அன்றோ?

எனினும், அவர் உழைப்பாளியைக் கைவிட்டதில்லை. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே, ஆலைப் போராட்டத்தின்போது அம்முதியவரை வீட்டுக்காவலில் வைத்தது காங்கிரசு ஆட்சி. எந்தக் கட்சிக்காகப் பணி துறந்தாரோ, அந்தக் கட்சியின் ஆட்சி! 1953-இல் மறைந்தார்.

இன்று நம் வகுப்பில் அமரும் சிறுவனின் தந்தை ஒப்பந்தக் கூலி. நாளை வேலை உண்டா என்பதே அவருக்கு உறுதியில்லை. அவருக்குச் சங்கம் வேண்டும். அச்சங்கத்தைப் பிளக்காதிருக்கச் சாதி ஒழிய வேண்டும். முன்னதைத் திரு.வி.க. கற்பித்தார். பின்னதைக் கற்பிக்கும் கடமை, கரும்பலகை முன் நிற்கும் நம்முடையது. ஆசிரியனுக்கு அரசியல் எதற்கு? இதற்குத்தான்!