காரம்

காரம் (பெயர்ச்சொல்): வடமொழி ‘க்ஷாரம்’ தமிழில் காரம் ஆயிற்று. செடிகொடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுக்கும், தோலை அரிக்கும் உப்பு என்பது பழம்பொருள். அரபு வழி வந்த ‘ஆல்கலி’க்கும் சாம்பலே பிறப்பிடம். வெண்காரம், படிகாரம், சவுக்காரம் ஆகிய பெயர்களில் இச்சொல் இன்றும் வழங்குகிறது.

சமையலில் மிளகாயின் எரிப்பு. வேதியியலில் ஹைட்ரஜன் அயனியை ஏற்கும் பொருள், தருவது அமிலம். 1923இல் பிரான்ஸ்டெடும் லௌரியும் தனித்தனியே வகுத்த இலக்கணம் இது. இலங்கைப் பாடநூல்கள் வேதியியல் காரத்தை ‘மூலம்’ என்கின்றன.

இவ்விரு காரமும் ஒன்றல்ல. மீன் குழம்பே இதற்குச் சான்று. மிளகாயின் எரிப்புக்குக் காரணமான கேப்சைசினில், அயனியை ஏற்கும் இயல்புள்ள நைட்ரஜன் உண்டு. ஆனால் அதன் தனித்த இணை எலக்ட்ரான்களைப் பக்கத்துக் கார்பனைல் தொகுதி தன் பக்கம் ஈர்த்துக்கொள்கிறது. அயனியை ஏற்க எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே நாக்கை எரிக்கும் அது வேதியியலில் காரமே அன்று. கடல்மீனின் கவிச்சிக்குக் காரணமான டிரைமெத்தில் அமீனில் அந்த எலக்ட்ரான்கள் கட்டின்றி நிற்கின்றன. அதுவே உண்மைக் காரம். புளியின் டார்டாரிக் அமிலம் தரும் அயனியை ஏற்று, ஆவியாகாத உப்பாக மாறுகிறது, கவிச்சி அடங்குகிறது.

இதே முறையில், அனிலினில் நைட்ரஜனின் எலக்ட்ரான்கள் பென்சீன் வளையத்துக்குள் பரவுவதால், மெத்தில் அமீனைவிட அது சுமார் பத்து லட்சம் மடங்கு வலிமை குன்றிய காரம். எலக்ட்ரான்கள் எங்கே கட்டுண்டிருக்கின்றன என்று பார்த்தால், சோதனைக்கு முன்பே காரத்தின் வலிமையைக் கணித்துவிடலாம்.