நீலப் பெஞ்சுகள்

முதல் உலகப்போர்க் காலத்தில், லண்டனுக்குத் தென்கிழக்கே கென்ட் மாவட்டத்திலிருந்த சிட்கப் என்ற சிற்றூரில், மருத்துவமனைச் சாலையோரம் கிடந்த பெஞ்சுகள் சிலவற்றுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள். முகம் சிதைந்த போர்வீரர்கள் காற்று வாங்க வந்து உட்காரும் இடம் அது. எதிரே வருபவர் தொலைவிலேயே நிறத்தைக் கண்டு மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளலாம். அல்லது பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம். தேறிவரும் வீரர்களின் உடுப்பும் நீலம்தான். வெள்ளைச் சட்டை, சிவப்பு டையோடு அதை அணிய வேண்டும்.

முகக் காயங்கள் அந்தப் போரில் பெருகியதற்குப் பதுங்குகுழிச் சண்டை முக்கியக் காரணம். உடம்பு மண்ணுக்குள் மறைந்திருக்க, எட்டிப் பார்த்த தலையே தோட்டாவுக்கும் குண்டுச்சில்லுக்கும் இலக்காயிற்று. தாடையோ மூக்கோ போனாலும் உயிர் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினர்.

நியூசிலாந்தில் பிறந்த காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஹெரால்டு கில்லிஸ் இவர்களுக்காக 1916இல் ஆல்டர்ஷாட் ராணுவ மருத்துவமனையில் தனிப்பிரிவு தொடங்கினார். பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் காயம்பட்டவர்கள் வந்து குவிய, அந்த இடம் போதவில்லை. 1917இல் சிட்கப்பில் குவீன்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1925 வரை அங்கே 5,000 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றனர். அறுவைகள் 11,000ஐத் தாண்டின. தோல் பட்டை ஒன்றைக் குழல்போலச் சுருட்டித் தைத்து, ஒரு முனை உடம்போடு ஒட்டியிருக்கும்போதே மறுமுனையை முகத்தில் பொருத்துவது கில்லிஸின் பெயர்பெற்ற முறை. இரத்த ஓட்டம் அறாது, தொற்றும் குறையும். நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு அமைக்கும் பழைய வித்தையோ இந்தியாவிலிருந்து போனது. ஆங்கிலேயப் படையில் மாடு ஓட்டிய கவாஸ்ஜி, திப்புவின் படையிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்டவர். அவருக்கு அம்முறையில் மூக்கு அமைத்த செய்தி 1794இல் லண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. அதுவும் ஒரு போர்க்காயத்தின் கதைதான்.

ஒருவருக்குப் பல அறுவைகள் தேவைப்பட்டன. அவற்றுக்கிடையே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வார்டுகளில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் தடை இருந்தது. வெளியே போனாலோ ஊராரின் முகமே கண்ணாடி ஆகிவிடும். அறுவையால் சரிசெய்ய முடியாதவர்களுக்கு வாண்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் சிற்பி பிரான்சிஸ் டெர்வென்ட் வுட் மெல்லிய உலோக முகமூடி செய்து தந்தார். பழைய புகைப்படம் பார்த்துத் தீட்டிய முகங்கள் அவை. பார்ப்பவருக்கு ஆறுதல், ஆனால் சிரிக்கத் தெரியாது. பிரான்ஸ் வேறு வழியில் சென்றது. 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தான மண்டபத்தில், முகம் சிதைந்த ஐந்து வீரர்களை ஜெர்மானியத் தூதர்களின் கண்ணில் படும்படி நிறுத்தினார் பிரதமர் கிளெமான்சோ. 1921இல் இத்தகைய வீரர்கள் தமக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப்போரில் எரியும் விமானங்களிலிருந்து தப்பியவர்கள் சசெக்ஸ் பகுதியின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊர் மருத்துவமனைக்கு வந்தனர். அங்கிருந்த அறுவை மருத்துவர் ஆர்ச்சிபால்டு மெக்இண்டோ, கில்லிஸின் உறவினர். கடலில் விழுந்த விமானிகளின் தீக்காயம் நன்றாக ஆறுவதைக் கவனித்து உப்புநீர்க் குளியலைக் கைக்கொண்டார். அவருடைய துணிச்சல் மருத்துவத்துக்கு வெளியேதான் அதிகம் தெரிந்தது. நீல உடுப்பை ஒழித்து, அவரவர் விமானப்படைச் சீருடையையே அணியச் சொன்னார். வார்டில் பீர் பீப்பாய் வைத்தார். வீரர்களைக் கடைக்கும் மதுக்கூடத்துக்கும் அனுப்பினார். அதற்கு முன் ஊர்க்காரர்களிடம் பேசி, முகத்தை நேராகப் பார்த்துச் சாதாரணமாகப் பழகச் சொல்லியிருந்தார். வீடுகளில் விருந்துக்கு அழைத்தார்கள். முறைத்துப் பார்க்காத ஊர் என்ற பெயர் அப்படி வந்தது. சிட்கப் பார்ப்பவரை எச்சரித்தது; இங்கே பார்ப்பவரையே பழக்கினார்கள். இரண்டாவதுதான் கடினமான வேலை.

1941இல் நோயாளிகள் தொடங்கிய சங்கத்துக்குச் சோதனை எலி என்று தாங்களே பெயர் வைத்தார்கள். பணத்தோடு ஓடிவிடக் கூடாதென்று கால் வெந்தவரைப் பொருளாளராகவும், குறிப்பு எழுதித் தொல்லை தரக் கூடாதென்று விரல் வெந்தவரைச் செயலாளராகவும் நியமித்தார்கள். போர் முடிந்தபோது அதில் 649 உறுப்பினர்கள் இருந்தார்கள்.