வாக்குச்சீட்டின் வாசலில் கையொப்பங்கள்: அமெரிக்க மனு முறையும் கறுப்பின மக்களும்

வாக்குரிமை குறித்துப் பேசும்போது யார் வாக்களிக்கலாம் என்று கேட்கிறோம். வாக்குச்சீட்டில் எந்தப் பெயரும் எந்தக் கேள்வியும் அச்சாகும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்பது அரிது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் குடிமக்கள் இதனை மனுவின் வழியே ஓரளவு தாமே முடிவு செய்ய இயலும்.

அம்மனுக்கள் இருவகைப்படும். பெரிய கட்சிகளைச் சாராத ஒருவரின் பெயரை வாக்குச்சீட்டில் சேர்க்கக் கோருவது வேட்பாளர் மனு. ஒரு சட்டத்தையோ மாநில அரசியலமைப்புத் திருத்தத்தையோ மக்களே எழுதி வாக்கெடுப்புக்குக் கொண்டுவருவது முன்முயற்சி மனு. இரண்டிற்கும் பதிவுபெற்ற வாக்காளர்களின் கையொப்பங்களே அடித்தளம். எத்தனை கையொப்பங்கள், எந்தெந்தப் பகுதிகளிலிருந்து, எந்த நாளுக்குள் என்பதை விதிகள் வரையறுக்கின்றன. அவ்விதிகளை எழுதும் அதிகாரம் பெரும்பாலும் ஆட்சியிலிருப்போரிடமே உள்ளது.

முன்முயற்சி மனுவை மாநில அளவில் முதலில் ஏற்றது தெற்கு டகோட்டா, ஆண்டு 1898. ஓரிகன் 1902இல் ஏற்றது. இரயில் நிறுவனங்களின் பணத்திற்கு விலைபோன சட்டமன்றங்களைத் தாண்டிச் செல்லும் வழியாக மேற்கு மாநிலங்கள் இதனைக் கருதின. இன்று ஏறத்தாழப் பாதி மாநிலங்களில் இம்முறை உண்டு. தேசிய அளவில் இல்லை. அலபாமா, ஜார்ஜியா, தெற்கு கரோலினா போன்ற தென்மாநிலங்களில் இன்றளவும் இல்லை. மேற்கில் இம்முறை பரவிய அதே ஆண்டுகளில்தான் தெற்கில் வாக்கு வரியாலும் எழுத்தறிவுத் தேர்வாலும் கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர்.

‘மக்கள் நேரடியாகச் சட்டம் இயற்றுதல்’ என்பது கேட்க இனிமையாக உள்ளது. எந்த மக்கள் என்று கேட்காமல் அதனைக் கொண்டாடுவதற்கில்லை. ஓக்லஹோமாவில் 1910இல் மனுவின் வழியே வந்த ஒரு திருத்தம், 1866க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தோரின் வழித்தோன்றல்களுக்கு எழுத்தறிவுத் தேர்விலிருந்து விலக்களித்தது. பாட்டன் அடிமையாய் இருந்தவருக்கு அவ்விலக்கு கிட்டாது. உச்ச நீதிமன்றம் 1915இல் அதனைச் செல்லாது என்றது. கலிபோர்னியாவில் கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர் பைரன் ரம்ஃபோர்டின் முயற்சியால் 1963இல் வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. வீட்டு மனைத் தரகர்களின் சங்கம் கையொப்பம் திரட்டி, அச்சட்டத்தை முறியடிக்கும் 14ஆம் முன்மொழிவை 1964 நவம்பர் வாக்குச்சீட்டில் ஏற்றியது. ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் அதனை ஆதரித்தனர். அதே நாளில் அதே மாநிலம், குடிசார் உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜான்சனையும் அதிபர் பதவிக்குத் தேர்ந்தெடுத்தது! முன்மொழிவை 1967இல் உச்ச நீதிமன்றமே வீழ்த்தியது. பெரும்பான்மையின் கையிலுள்ள மனுவுக்கு நீதிமன்றத்தின் கடிவாளம் ஏன் தேவை என்பதற்கு இவை சான்றுகள்.

வேட்பாளர் மனுவின் வரலாறு மிசிசிப்பியில் இன்னும் கூர்மையானது. 1965இன் வாக்குரிமைச் சட்டத்தால் கறுப்பின மக்கள் பெருந்திரளாகப் பட்டியலில் சேரத் தொடங்கினர். மறு ஆண்டே அம்மாநிலச் சட்டமன்றம் சுயேச்சை வேட்பாளருக்கான விதிகளை மாற்றியது. தேவையான கையொப்பங்கள் பத்து மடங்காயின. மனு அளிக்கும் கடைசி நாள் முன்னுக்கு இழுக்கப்பட்டது. கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் வாக்களித்தவர் சுயேச்சையாய் நிற்க இயலாது என்றானது. ஒவ்வொரு வாக்காளரும் தம் கையாலேயே ஒப்பமிட்டு வாக்குச்சாவடியையும் குறிப்பிட வேண்டும் என்றனர். விதியின் எந்த வரியிலும் ‘கறுப்பர்’ என்ற சொல் இல்லை. ஆயினும் தோட்ட முதலாளியின் நிலத்தில் வாரத்திற்கு உழும் ஒருவருக்கு, மனுவில் பெயரும் வாக்குச்சாவடியும் பதிவாவது வேலையையும் குடிசையையும் பணயம் வைப்பதாகும். உச்ச நீதிமன்றம் 1969இல், இத்தகைய மாற்றங்களுக்கும் ஒன்றிய அரசின் முன் ஒப்புதல் தேவை எனத் தீர்ப்பளித்தது. அந்த முன் ஒப்புதல் ஏற்பாட்டை 2013இல் அதே நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது.

இந்தியாவில் சட்டமன்றத்திற்கோ மக்களவைக்கோ அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். எண்ணிக்கை சிறிது. ஆயினும் பெயரை வெளிப்படையாக எழுதித் தருவது எத்தகைய துணிவு என்பதைப் பாப்பாபட்டியையும் கீரிப்பட்டியையும் அறிந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. தனித்தொகுதியான அவ்வூராட்சிகளில் முறையான தேர்தல் 2006இல்தான் நடந்தேறியது.

ஒடுக்கப்பட்டோர் முன்முயற்சி மனுவைத் தமக்காக வென்றெடுத்த நிகழ்வு ஃபுளோரிடாவில் உண்டு. குற்றத் தண்டனை பெற்றவர் வாழ்நாள் முழுதும் வாக்குரிமை இழக்கும் விதி அங்கு 1868ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலிருந்து தொடர்ந்தது. அடிமை முறை ஒழிந்த சில ஆண்டுகளில் எழுதப்பட்ட விதி அது. 2016 வாக்கில், வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவரில் ஐவரில் ஒருவருக்கு மேல் இவ்விதியால் வாக்கிழந்திருந்தனர். தாமே தண்டனை பெற்று விடுதலையாகிச் சட்டம் பயின்ற டெஸ்மண்ட் மீட், அவ்விதியை மாற்றும் இயக்கத்தை முன்னெடுத்தார்.

வேலை எளிதன்று. 7,66,200 செல்லத்தக்க கையொப்பங்கள் தேவைப்பட்டன. அவை மாநிலத்தின் 27 காங்கிரஸ் தொகுதிகளில் 14இலேனும் பரவியிருக்க வேண்டும். தலைப்பு 15 சொற்களையும் சுருக்கம் 75 சொற்களையும் தாண்டக் கூடாது. பொருள் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாநில உச்ச நீதிமன்றம் அதனை முன்கூட்டியே ஆராயும். தேறுவதற்கு 60 விழுக்காடு வாக்கு வேண்டும். கொலை, பாலியல் குற்றங்கள் ஆகியவற்றை விலக்கிவைத்து வரைவு எழுதப்பட்டது. இதனைச் சமரசம் என்பாரும் உண்டு. 60 விழுக்காட்டை எட்ட வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை. 2018 நவம்பர் 6 அன்று நான்காம் திருத்தம் 64.55 விழுக்காடு வாக்குகளால் வென்றது. ஏறத்தாழ 14 இலட்சம் பேருக்கு உரிமை மீளும் எனக் கணக்கிடப்பட்டது.

சட்டமன்றம் அடுத்த ஆண்டே ‘தண்டனை நிறைவு’ என்ற சொற்களில் கை வைத்தது. அபராதமும் நீதிமன்றக் கட்டணங்களும் செலுத்தி முடிந்தாலே தண்டனை நிறைவுறும் என 2019இல் சட்டம் இயற்றியது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அதனை ஏற்றது. பலர் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதையே எந்த அலுவலகத்தாலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பழைய வாக்கு வரியின் சாயலை இதில் காணாதிருப்பது கடினம்.

மிசிசிப்பியில் நிகழ்ந்ததோ ஒரு கணக்கின் விபரீதம். எந்தக் காங்கிரஸ் தொகுதியும் மொத்தக் கையொப்பங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அளிக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. அது எழுதப்பட்டபோது ஐந்து தொகுதிகள் இருந்தன. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின் நான்காயின. நான்கு தொகுதிகளிலிருந்து 80 விழுக்காட்டுக்கு மேல் வராது. 2021இல் மாநில உச்ச நீதிமன்றம் இதனைச் சுட்டி, மக்கள் வாக்களித்து ஏற்றிருந்த மருத்துவக் கஞ்சாத் திருத்தத்தைச் செல்லாதென்றது. அத்துடன் முன்முயற்சி முறையே முடங்கியது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் அதனை மீட்கும் முயற்சிகள் சட்டமன்றத்தில் தோற்றன.

ஃபுளோரிடா 2025இல் மனுச் சட்டத்தையே இறுக்கியது. நிரப்பிய படிவத்தை அலுவலரிடம் சேர்க்க முன்பு 30 நாள்கள் இருந்தன, இப்போது 10. வாக்குரிமை மீளாத முன்னாள் தண்டனைக் கைதிகள் கையொப்பம் சேகரிப்பதையும் அச்சட்டம் தடைசெய்கிறது.