கரோலைன் அரசியார் மறைத்த நோய்

1737 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9 ஆம் நாட் காலை, இலண்டன் மாநகரிலே சென்ற் ஜேம்ஸ் பூங்காவிற் புதிதாக எழுப்பப்பட்ட தமது நூல்நிலையத்தில் இருந்தபோது, கரோலைன் அரசியார் கடும் வயிற்றுவலியால் வருந்தலாயினார். இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் தேவியாகிய அவருக்கு அப்பொழுது வயது 54. வலியுடன் வாந்தியுங் கண்டது. அரண்மனை வைத்தியர்கள் இதனைச் சூலைநோய் எனக் கொண்டு, பானங்கள் பலவற்றைப் புகட்டினர்; இரத்தமும் எடுத்தனர். புகட்டிய எதுவும் வயிற்றில் தங்கவில்லை.

வைத்தியர்கள் அறியாத ஒன்றை அரசியார் அறிந்திருந்தார். 1724 ஆம் ஆண்டிலே தம் கடைசிப் புதல்வி லூயிசாவைப் பெற்றபின், அவருடைய கொப்பூழில் ஒரு வீக்கம் தோன்றியிருந்தது. அதனை அரசரும் மிகச் சிலரும் மாத்திரமே அறிவர். உடலில் ஒரு குறை உண்டென்பது வெளிப்பட்டால், கணவரிடத்திலே தமக்குள்ள செல்வாக்குக் குன்றிவிடுமென அவர் அஞ்சினார் என்று, அரண்மனையில் உடனிருந்த ஹார்வி பிரபு தம் நினைவுக் குறிப்புகளிற் கூறுகின்றார். பதின்மூன்று ஆண்டுகள் அந்த இரகசியம் காக்கப்பட்டது.

அரசியார் மறைத்தது கொப்பூழ்க் குடலிறக்கம் என்னும் நோயாகும். கருவிலுள்ள குழந்தைக்குத் தாயிடமிருந்து உணவு கொண்டுவருங் கொப்பூழ்க்கொடி, வயிற்றுச் சுவரிலுள்ள ஒரு வளையத்தினூடே உட்செல்கின்றது. பிறந்தபின் அவ்வளையம் சுருங்கி அடைபடும். சில குழந்தைகளில் அது உடனே அடைபடாமையால், அழும்போதுங் கொப்பூழ் புடைத்து நிற்கும். அவர்களிற் பெரும்பாலாருக்கு நான்கு ஐந்து வயதுக்குள் அது தானாகவே மூடிக்கொள்ளும். நாணயத்தை வைத்துக் கட்டும் வழக்கம் பல நாடுகளில் உண்டெனினும், அதனால் வளையம் விரைவில் மூடுவதில்லை. பிஞ்சுத் தோல் புண்ணாவதே மிச்சம். வளர்ந்தோரின் நிலை வேறு. பலமுறை கருவுற்றமையாலோ உடற்பருமனாலோ தளர்ந்து திறந்த வளையம் தானாக மூடுவதில்லை. அதன் வழியே கொழுப்பும், சிலவேளை குடலும் வெளியே பிதுங்கும். பிதுங்கிய குடல் உள்ளே திரும்பாது சிக்கிக்கொண்டால், இரத்த ஓட்டம் தடைப்பட்டு அப்பகுதி அழுகத் தொடங்கும். அரசியாருக்கு நேர்ந்தது இதுவே.

சில நாட்கள் கழிந்தபின், பொறுக்கவியலாத அரசர், சத்திரவைத்தியர் ஜோன் ரான்பியிடம் உண்மையைக் கூறிவிட்டார். ரான்பி வீக்கத்தைக் கண்டார். மறைத்தது போதும், இனி ஒரு கணமுந் தாமதித்தலாகாது என்றார். சத்திரசிகிச்சை நடைபெற்றது. வீக்கத்தைக் கீறினர், அழுகிய பகுதிகளை நாள்தோறும் அரிந்து அகற்றினர். மயக்கமருந்து என்பது அக்காலத்தில் இல்லை. அரசியாரோ நகைச்சுவையை இழந்தாரல்லர். ரான்பி தம் மனைவியுடன் பிணங்கியிருந்ததை அறிந்த அவர், இப்போது நீர் அறுப்பது உம் மனைவியையாயின் எவ்வளவு மகிழ்வீர் எனக் கேட்டாராம். நவம்பர் 17 ஆம் நாட் குடல் வெடித்தது. 20 ஆம் நாள் இரவு அவர் உயிர் நீத்தார்.

மருத்துவத்திற் பற்றில்லாத ஓர் அரசியார் இவ்வாறு மறைத்திருப்பின் வியப்பில்லை. ஆனால் 1722 ஆம் ஆண்டில், அம்மைப்பால் குத்தும் முறையைப் பலரும் எதிர்த்து நின்ற வேளையில், தம் புதல்வியர் இருவருக்கு அதனைத் துணிந்து செய்வித்தவர் இதே கரோலைன்தான். அன்று அந்த இளவரசியர்க்கு அம்மை குத்திய குளோடியஸ் அமியாண்ட் என்னுஞ் சத்திரவைத்தியர், 1735 ஆம் ஆண்டிற் சென்ற் ஜோர்ஜ் வைத்தியசாலையிலே, கவட்டுக் குடலிறக்கத்தால் வருந்திய பதினொரு வயதுச் சிறுவனொருவனின் குடல்வாலை வெட்டியெடுத்து அவனைப் பிழைக்க வைத்தார். குடலிறக்கத்தைத் திறந்து சிகிச்சை செய்யுந் துணிவு, அரசியார் இறப்பதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே அந்நகரில் இருந்ததென்பது இதனாற் புலனாகின்றது. 1727 ஆம் ஆண்டில் அரசியாரின் சத்திரவைத்தியராக நியமிக்கப்பட்ட வில்லியம் செசல்டன் அக்காலத்து ஆங்கிலச் சத்திரவைத்தியருள் முதன்மையானவர். அவரோ அரண்மனையின் ஆதரவை இழந்திருந்தமையால், அந்தக் கடைசி நாட்களில் அழைக்கப்படவில்லை.

அந்தச் செசல்டன் கையாண்ட வேறொரு நோயாளியின் வரலாறு, 1750 இல் வெளிவந்த அவருடைய உடற்கூற்று நூற் பதிப்பிலே காணப்படுகின்றது. மார்கிரெற் உவைற் என்னும் அப்பெண்மணிக்கு ஐம்பதாம் வயதிற் கொப்பூழ்க் குடலிறக்கம் உண்டாயிற்று. எழுபத்துமூன்றாம் வயதில் வலியும் வாந்தியுந் தொடர, வீக்கம் வெடித்துக் குடல் வெளியே வந்துவிட்டது. அழுகிய குடலில் 26 அங்குலத்துக்கு மேற்பட்ட நீளத்தைச் செசல்டன் வெட்டி நீக்கினார். நல்ல குடலின் நுனியை உள்ளே தள்ளித் தைக்க முயலாது, கொப்பூழிலேயே வெளித்திறந்திருக்க விட்டார். மலம் அவ்வழியே கழிந்தது. இன்று பெருங்குடல் நோயாளர்க்குச் சத்திரவைத்தியர் வேண்டுமென்றே அமைக்குஞ் செயற்கைவாயை ஒத்தது அது. அம்மூதாட்டி பின்னும் பல்லாண்டு உயிர்வாழ்ந்தார். அரசியாருக்குக் கிட்டாத நல்வாய்ப்பு இவருக்குக் கிட்டியதற்குச் செசல்டனின் கைத்திறமை ஒரு காரணம். குடல் எங்கே கிடக்கின்றதென்பது கண்ணெதிரே வெளிப்பட்டமை மற்றொன்று.

எனினும் இவை உயிர்காக்கும் முயற்சிகளே. வளையத்தை அடைக்கும் முயற்சிகளல்ல. அதற்கு, 1846 இல் வந்த ஈதர் மயக்கமருந்தும், 1867 இல் யோசேப்பு லிஸ்ரர் வெளியிட்ட கிருமியொழிப்பு முறையும் வேண்டியிருந்தன. அமெரிக்காவின் றோச்செஸ்டர் நகரத்து வில்லியம் மேயோ, 1901 இற் புதியதொரு முறையை விளக்கினார். துளையின் இருபுற விளிம்புகளையும் இழுத்துத் தைக்காது, மேல்விளிம்பைக் கீழ்விளிம்பின்மேற் படியவைத்து, மேற்சட்டை காற்சட்டையின்மேல் விழுவதுபோல் இரட்டை மடிப்பாகத் தைப்பதே அம்முறை. ஐம்பதாண்டுகளுக்கு மேலாக அதுவே வழக்கிலிருந்தது. ஆயினும் இழுத்துக் கட்டிய தசை நாளடைவில் விட்டுக்கொடுப்பதால், சிலருக்கு நோய் மீண்டும் வந்தது. 1958 இற் பிரான்சிஸ் அஷர் என்னும் அமெரிக்கர் பிளாஸ்ரிக் இழை வலையை அறிமுகஞ் செய்தார். தசையை இழுக்காமல், துளையின்மேல் அவ்வலையைப் பரப்பிவிட்டால், உடலின் இழையங்கள் அதன் கண்களினூடே வளர்ந்து அதனைத் தம்முடன் பிணைத்துக்கொள்ளும். மிகச் சிறிய துளைக்குத் தையலே போதும். பெரியதற்கு வலை இடுகின்றனர். சிக்கல் எதுவும் நேருமுன் வருவோரிற் பலர், சிகிச்சை பெற்ற அன்றே வீடு திரும்புகின்றனர்.