ஸ்டண்ட்

பொன்னமராவதிப் பக்கம் பழைய படம் பற்றிப் பேச்சு வந்தால், பெரியவர்கள் கதையைக் கேட்பதில்லை, ‘சண்டைப்படமா?’ என்பார்கள். கொஞ்சம் படித்தவராக இருந்தால் ‘ஸ்டண்ட் படமா?’

ஸ்டண்ட், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் பேச்சில் புழங்கிய கொச்சைச்சொல். உடலால் செய்துகாட்டும் சாகசம் என்பது பொருள். வேர் எதுவென்று அகராதிக்காரர்களே கைவிரிக்கிறார்கள். 1935இல் வந்த ‘ஹண்டர்வாலி’ படத்தில் நடிகை நாடியா சவுக்கு சுழற்றியதும், பம்பாயில் ஸ்டண்ட் படம் தனி வகையாகவே நிலைத்தது.

சொல் வெளியூர்ச் சரக்கு, செயல் அப்படியல்ல. பொன்னமராவதியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் புதுக்கோட்டைக்காரர் நடிகர் பி.யு. சின்னப்பா. நாடக மேடையில் பாட்டு, வெளியே சிலம்பம், குஸ்தி. 1940இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேடத்தில் வாள் பிடித்தார். 1958இல் அதே தலைப்பில் சிவாஜி நடித்ததைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முந்தையதையும் தேடிப் பார்க்க வேண்டும். எனக்கு அதுதான் ஒரு படி மேல்.

தமிழில் இந்தச் சொல் ஆளின் பெயரோடும் ஒட்டிக்கொண்டது: ஸ்டண்ட் சோமு, ஸ்டண்ட் சில்வா. டைட்டிலில் ‘சண்டைப்பயிற்சி’ என்று மாறிய பிறகும் வாய்ப்பேச்சில் ‘ஸ்டண்ட் மாஸ்டர்’தான். அரசியலுக்குப் போனபோதுதான் பொருள் சரிந்தது. ‘எல்லாம் தேர்தல் ஸ்டண்ட்’ என்றால் வெறும் பாசாங்கு. மாடியிலிருந்து நிஜமாகவே குதித்து எலும்பை முறித்துக்கொள்கிறவருக்கு இது அநியாயம்.